பிஸ்கற் பேணிக்குள் இருந்த பற்றுச்சீட்டுகள்: ஒரு கல்வெட்டு தயாரான விதம்

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் இறந்தால் அவர் யார் என்பதை மரண அறிவித்தல் ஒரே வசனத்தில் சொல்லி முடித்துவிடும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர். காலஞ்சென்ற இன்னார் தம்பதியின் அன்பு மகள். இன்னாரின் பாசமிகு மனைவி. இன்னின்னாரின் தாயார், மாமியார், அம்மம்மா, அப்பம்மா. 31ஆம் நாள் மதிய போசனத்துக்கு வருபவர்களின் கையில் கொடுக்கும், கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் நினைவு மலரும் அதே வசனத்தைத்தான் நாற்பது ஐம்பது பக்கங்களுக்கு நீட்டுகிறது. முகப்பில் படம், பிறகு திதி வெண்பா, பஞ்சபுராணம், வம்சாவளி, பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். வெண்பாவுக்காவது ஒரு பயன் உண்டு. வருஷம், மாதம், பட்சம், திதி எல்லாம் அதிலேயே இருப்பதால் ஆண்டுதோறும் திவசத்துக்கு நாள் பார்க்க அது உதவும். புலம்பல்களோ, பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும்.

இந்த ஆய்வு 2023இல், வலிகாமத்தில் ஒரு கிராமத்தில், 83 வயதில் இறந்த ஒரு பெண்ணின் கல்வெட்டைப் பற்றியது. அவருடைய கணவர் வழியில் எனக்குத் தூரத்து உறவு. மலரைத் தொகுக்கும் வேலை என்னிடம் வந்தது. ஊரில் சொந்தம், சொந்தமில்லை என்ற வித்தியாசமில்லாமல் எல்லாரும் அவரை மாமி என்றே கூப்பிட்டார்கள். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். ஊரின் பெயரையும் சொல்லவில்லை. ஊரைச் சொன்னால் அவரிடம் வாங்கியவர்கள் யார் என்பதும் வெளியே வந்துவிடும். அவர் வாழ்நாள் முழுக்கக் காப்பாற்றிய விஷயம் அது.

பேணி

மாமிக்கு மூன்று பிள்ளைகள். மூத்த மகள் கொழும்பில் வெள்ளவத்தையில், மகன் ரொறன்ரோவில், இளைய மகள் லண்டனில். கணவர் அரசாங்க உத்தியோகத்தர், 1998இல் காலமானார். அதற்குப் பிறகு மாமி வளவில் தனியேதான் இருந்தார். உதவிக்கு ஒரு பெண் காலையில் வந்து பின்னேரம் போவார். பிள்ளைகள் மூவரும் மாதாமாதம் பணம் அனுப்பினார்கள். ஒரு மாதமும் தவறியதில்லை.

செத்தவீடு முடிந்து அலுமாரியை ஒதுக்கும்போது மூத்த மகளின் கையில் ஒரு பழைய பிஸ்கற் பேணி அகப்பட்டது. அதற்குள் நகை அடைவுக்கு வட்டி கட்டிய பற்றுச்சீட்டுகள், மீட்ட பற்றுச்சீட்டுகள், தவணை முடிந்து திருப்பி வைத்த கடதாசிகள். 1997 தொடக்கம் 2023 வரை, எல்லாம் மாமியின் பெயரில். தாலிக்கொடியைத் தவிர அவரிடம் இருந்த ஒவ்வொரு நகையும் ஏதோ ஒரு காலத்தில் வங்கிக்குப் போயிருந்தது. ஒரு சோடி காப்பு, தவணைக்குள் மீட்காததால் ஏலத்துக்குப் போகும் என்ற அறிவித்தலோடு கதை முடிந்திருந்தது.

பிள்ளைகள் நிலைகுலைந்து போனார்கள். மகன் வட்ஸ்அப் அழைப்பில் கேட்ட முதல் கேள்வி, "அம்மா சாப்பிடாமல் இருந்தவவோ?" என்பது. தாங்கள் அனுப்பிய பணம் எங்கே போனது என்று தெரியாமல், தாய் கஷ்டத்தில் நகை அடைவு வைத்துச் சீவித்தாரோ என்ற நினைப்பு அவர்களை உறங்கவிடவில்லை. அடுத்து, யாரோ ஏமாற்றியிருக்க வேண்டும் என்ற சந்தேகம். அது நேராக உதவிக்கு வந்த பெண்ணின் மேல் விழுந்தது. இருபது வருஷம் அந்த வீட்டுக் குசினியில் நின்றவரிடம் அந்த இரண்டு நாளும் ஒருவரும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. செத்தவீடு நடந்த வீடுகளில் இது நடப்பதுண்டு. இறந்தவருக்கு மிக அருகில் இருந்தவர்தான் முதலில் சந்தேகிக்கப்படுவார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு அன்று ஒரு இளம்பெண் வந்து மூத்த மகளைத் தனியே கூப்பிட்டு ஒரு கடித உறையைக் கொடுத்தார். உள்ளே பணம். "மாமியின்ர சங்கிலிக்கு வட்டி, அக்கா. மாதக் கடைசிக்குள்ள கட்ட வேணும். மாமி இல்லாதபடியால் ஆரிட்டக் குடுக்கிறதெண்டு தெரியேல்லை" என்றார். அவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். தங்கும் அறைக்கும் மடிக்கணினிக்கும் மாமி சங்கிலியை வைத்துப் பணம் எடுத்துக் கொடுத்திருந்தார். ஊருக்கு வரும் நாட்களில் பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக்கொடுத்து அந்தப் பெண் வட்டியைக் கட்டி வந்திருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் பற்றுச்சீட்டுகளை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினோம்.

திகதிகளை அடுக்கிப் பார்த்தது

வீடு வீடாகப் போய் "மாமியிடம் காசு வாங்கினீர்களா?" என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அது கடன்காரரைத் தேடுவது மாதிரி ஆகிவிடும். மூத்த மகளும் அதையே சொன்னார். ஆகவே, உதவிக்கு வந்த அதே பெண்ணிடம் (மகள் முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்), கல்வெட்டில் போட யாருக்காவது மாமியைப் பற்றிச் சொல்ல ஏதும் இருந்தால் வரச்சொல்லும்படி கேட்டோம். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு, பற்றுச்சீட்டுத் திகதியோடு பொருத்திப் பார்த்தோம்.

2006 கடைசியில் ஒரு அடைவு. அந்த வருஷம் ஓகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை போரால் மூடப்பட்டது. சாமான் கப்பலில்தான் வர வேண்டும். சீமெந்து வரவில்லை, கட்டிட வேலை நின்றது. ஒரு மேசனின் மனைவி சொன்னார்: வீட்டில் மூன்று பிள்ளைகள், நாலாவது வயிற்றில், புருஷனுக்கு மாதக்கணக்கில் வேலையில்லை. மாமி கேட்காமலே கூப்பிட்டுக் கொடுத்தார். பாதை திறந்து வேலை தொடங்கியதும் சிறுகச் சிறுகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

போர் முடிந்த 2009இன் நடுப்பகுதியில் இரண்டு அடைவு, இரண்டு வாரத்துக்குள். ஒன்று, செட்டிகுளத்தில் முட்கம்பி முகாமில் இருந்த தங்கை குடும்பத்தைப் பார்க்கப் போன ஒருவருக்கு. வன்னியிலிருந்து உயிரோடு வந்தவர்களுக்கு உடுப்பு, பால்மா, மருந்து என்று கொண்டுபோனார். மற்றையது யாருக்கு என்பது இன்றுவரை தெரியாது. அதைச் சொல்ல ஒருவரும் வரவில்லை. அந்த வருஷம் திரும்பி வராதவர்களும் உண்டு.

2016க்கும் 2018க்கும் இடையில்தான் பற்றுச்சீட்டு மிக அதிகம். அந்தக் காலத்தில் வடக்கில் நுண்கடன் கொடுத்தவர்கள் வீட்டுக்கு வீடு வந்தார்கள். ஐந்தாறு பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவர்களைப் பிணையாக வைத்துக் கொடுப்பார்கள். வாராவாரம் கட்ட வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். வசூலிக்க வருபவர் காசு கைக்கு வரும்வரை வீட்டு வாசலில் இருப்பார். அயலுக்குக் கேட்கும். ஊரில் ஒரு குழுவில் இருந்த பெண் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வாசல்ல அவன் இருக்கேக்கை எங்களுக்குள்ளேயே சண்டை வந்திட்டுது. கூடப்பிறந்த மாதிரி இருந்த நாங்கள். மாமி படலைக்கு வந்து, பிள்ளை இஞ்ச ஒருக்கா வா எண்டு கூப்பிட்டா. பிறகு சண்டை இல்லை." வறட்சி மாவட்டங்களில் பெண்கள் பட்ட சிறு கடன்களுக்கு அரசு 2018இல் நிவாரணம் அறிவித்தது. அதற்கு முன்பே அந்தக் குழுவின் பாக்கியில் ஒரு பெரும் பகுதியை மாமியின் அட்டியல் கட்டிவிட்டது.

பிள்ளைகள் அனுப்பிய பணம் போன இடமும் தெரிந்தது. வட்டியில் குறைந்ததை அதிலிருந்து போட்டிருக்கிறார். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. தோட்டத்து மரவள்ளியும் முருங்கையும் இருந்தன. ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சி ஒழுங்கை முழுக்கக் கொடுத்தவர்தான் அவர். மகனுக்கு இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை.

ஏலத்தில் போன காப்பு விஷயத்தில் மட்டும் நாங்கள் மேலே போகவில்லை. யாருக்காகப் போனது என்பது ஊரில் இரண்டு பேருக்காவது தெரியும். அந்த ஆள் வரவில்லை. மாமி அவரைப் பற்றி ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவருடைய பிள்ளையின் கலியாணத்துக்கும் போய் வந்திருக்கிறார். அவரைத் தேடுவது மாமியின் பேரில் செய்யக்கூடிய வேலை அல்ல.

ஏன் நகை?

இது தனியே கவனிக்க வேண்டியது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி சீதனம் பெண்ணின் சொத்து. ஆனால் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் பெயரில் உள்ள காணி பூமியைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அசையும் பொருளுக்கு அது வேண்டாம். வளவும் தோட்டக் காணியும் மாமியுடையவைதான், ஆனால் அவர் தன் விருப்பப்படி எடுத்து ஒருவருக்குக் கொடுக்கக்கூடியதாக இருந்தது நகையும், நெல்லும், தேங்காயும்தான். கணவர் இறந்தபோது காணிகள் ஏற்கெனவே மகள்மாருக்குச் சீதனமாக எழுதப்பட்டிருந்தன. மிஞ்சியது நகை. யாழ்ப்பாணத்துப் பெண்களின் கொடையைத் தேடுபவர்கள் காணி உறுதிகளில் தேடினால் ஆண்களின் பெயர்தான் வரும். கோயில் கல்லில், பள்ளிக்கூட மண்டபத்தில், மடத்துச் சுவரில் பொறித்த பெயர்களையும் பாருங்கள். பெண் கொடுத்ததெல்லாம் குசினி வழியாகவும் படலை வழியாகவும் போனது. அதற்குக் கல் நடுவதில்லை.

இன்னொன்று. மாமி சும்மா கொடுக்கவில்லை, கடனாகவே கொடுத்தார். வட்டியைக் கட்டச் சொன்னார். வட்டி கட்ட முடியாதபோது தானே போட்டார், ஆனால் "பிறகு தா" என்றுதான் சொன்னார். வந்தவர்களில் பலர் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதுதான். தர்மமாகத் தந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டோம், கடன் என்றபடியால் வாங்கினோம். தெருவில் மாமியைக் கண்டால் தலை குனிய வேண்டியிருக்கவில்லை. எனக்கு, அவருடைய கொடையில் மிகப் பெரிய பங்கு அதுதான் என்று படுகிறது. பணம் வேறு இடத்திலும் கிடைத்திருக்கும்.

கிணறு

பற்றுச்சீட்டு 1997 தொடக்கம்தான் உண்டு. காரணம் எல்லாருக்கும் தெரிந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் இடம்பெயர்ந்து வலிகாமமே நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. மாமியும் கணவரும் மீசாலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்தார்கள். 1996இல் திரும்பி வந்தபோது வீட்டில் சுவர் மட்டும்தான் இருந்தது. கடதாசி, படம், கொப்பி ஒன்றும் இல்லை. ஆகவே அதற்கு முந்திய முப்பத்துச் சொச்ச வருஷத்துக்கு மனிதர்களின் ஞாபகம்தான் ஆதாரம்.

அந்த ஞாபகத்தோடு வந்தவர் எழுபது வயது தாண்டிய ஒரு ஆச்சி. அவருடைய ஆட்களை ஊர் ஒதுக்கிவைத்திருந்த காலம் அது. மாமி 1962இல் கலியாணம் செய்து அந்த வளவுக்கு வந்தார். சாதியின் பேரால் ஆட்களை ஒதுக்குவதைத் தடுக்க 1957இலேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் வளவுக் கிணறுகளில் அது எட்டவில்லை. குடத்தைக் கிணற்றடிக்குத் தூரத்தில் வைத்துவிட்டு, வீட்டார் யாராவது அள்ளி ஊற்றும்வரை காத்து நிற்க வேண்டும். வீட்டாருக்கு நேரம் வராவிட்டால் வெயிலில் நிற்க வேண்டியதுதான். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968இல். இந்த ஆச்சி சொன்னது அதற்குச் சில வருஷம் முந்திய கதை. அப்போது அவர் சிறுமி.

"தாயோட நான் போனனான். இவ அப்ப புதுப்பொம்பிளை. வெளியில வந்து பாத்தா. பாத்துப்போட்டு, கயித்தை எடுத்து அம்மான்ர கையில தந்தா. நீங்களே அள்ளுங்கோ எண்டா. அம்மா பயந்து போனா. மத்தியானம் வீட்டுக்குள்ள பெரிய சத்தம், எங்களுக்குக் கேட்டது. அடுத்த நாளும் கயிறு அங்கதான் கிடந்தது."

"அள்ளுங்கோ" என்று அந்தக் காலத்தில் மரியாதை கொடுத்துச் சொன்னதையும் ஆச்சி அழுத்திச் சொன்னார். மாமியின் வீட்டில் நடந்த சத்தம் எவ்வளவு காலம் நீடித்தது, கணவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதைச் சொல்ல இப்போது ஒருவரும் இல்லை.

எதைப் போடுவது

கல்வெட்டுக்கு நாள் நெருங்கியபோது இரண்டு விஷயத்தில் இழுபறி வந்தது. கிணற்றுக் கதையைப் போட வேண்டாம் என்று குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார். "உந்தப் பழசை ஏன் இப்ப கிண்டுறியள்? எங்கட ஆக்களுக்கும் குறைவு, அவைக்கும் குறைவு" என்பது அவருடைய வாதம். அடைவுக் கதையைப் பெயர்களோடு போட வேண்டும் என்று மகன் நின்றார். அம்மா செய்ததை உலகம் அறிய வேண்டும் என்பது அவருடைய ஆசை. இரண்டு பேரும் அன்பில்தான் பேசினார்கள். ஆனால் இரண்டு பேரும் கேட்க வேண்டியவர்களைக் கேட்கவில்லை.

கேட்டோம். அடைவில் உதவி பெற்றவர்களில் ஒருவரும் பெயர் போடச் சம்மதிக்கவில்லை. குழுக்கடன் பெண் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். ஆச்சி நேர்மாறாகச் சொன்னார். "என்ர பேரோட போடுங்கோ. அம்மான்ர பேரும் போடுங்கோ. குறைவு எனக்கில்லை."

அதன்படியே செய்தோம். வாங்கியவர்களின் சொல்தான் கடைசிச் சொல் என்று முடிவெடுத்ததும் மற்ற எல்லாம் இலகுவாகிவிட்டது. கிணற்றுக் கதை ஆச்சியின் வாய்மொழியில், அவருடைய பெயரோடு, தாயின் பெயரோடு இரண்டு பக்கம் வந்தது. அடைவுகள் பெயரில்லாமல், திகதியில்லாமல், ஊர்ச் சம்பவங்களாக வந்தன. மருமக்கள் புலம்பலை எடுத்துவிட்டோம். திதி வெண்பாவும் பஞ்சபுராணமும் வம்சாவளியும் இருக்கட்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள், இருந்தன. பெரியவர் 31ஆம் நாள் சாப்பாட்டுக்கு வந்தார். மலரை வாங்கிக் கொண்டு போனார். ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சியும் பேரப்பிள்ளைகளும் முன் பந்தியிலேயே இருந்து சாப்பிட்டார்கள்.

ஒரு பிரதி நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்கும் அனுப்பினோம். 2005இல் தொடங்கிய அந்த முயற்சியில் நினைவு மலர்களையும் சேர்க்கிறார்கள். ஊர் வரலாறு எழுதுபவர்களுக்குக் கல்வெட்டு எவ்வளவு பெரிய ஆதாரம் என்பதை அங்கே போய்ப் பார்த்தால் விளங்கும். தொகுப்பவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: இரத்த உறவில்லாத நாலு பேரிடமாவது கேட்டு எழுதுங்கள். பிள்ளைகளுக்குத் தாயின் பாதி வாழ்க்கைதான் தெரியும்.

இளைய மகள்

இதை எழுத அவரே அனுமதி தந்தார். 2017இல் அவர் தன் மகளின் சாமத்தியச் சடங்குக்கு லண்டனிலிருந்து ஊருக்கு வந்தார். பிள்ளைக்குப் போட அம்மம்மாவின் அட்டியலைக் கேட்டார். மாமி ஏதோ சாட்டுச் சொல்லி வேறு சங்கிலி ஒன்றைப் போட்டு விட்டார். அட்டியலை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு மறைக்கிறார் என்று இளையவர் நினைத்தார். அக்கா தங்கைக்கு இடையில் அன்றிலிருந்து பேச்சு இல்லை. செத்தவீட்டில்கூடக் காரியத்துக்கு மட்டும்தான் பேசினார்கள். பேணியில் இருந்த பற்றுச்சீட்டின்படி அந்த மாதம் அட்டியல் வங்கியில் இருந்தது, அந்தக் குழுக்கடனுக்காக.

அறிந்ததும் அவர் அழுதார். ஆனால் அதோடு தீரவில்லை. "ஊருக்கெல்லாம் நம்பிக்கையாய் இருந்தவ, எங்களை நம்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆறு வருஷம் அக்காவோட கதைக்காமல் இருந்திட்டன்" என்றார். இதற்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அது நியாயமான மனத்தாங்கல். மாமி வாங்கியவரின் மானத்தைக் காத்தார். அதற்கான விலையில் ஒரு பங்கை அவருடைய மகள்மார் கட்டியிருக்கிறார்கள். கல்வெட்டில் இந்தப் பகுதி இல்லை.

சங்கிலி

பேராதனைப் பிள்ளைக்காக வைத்த சங்கிலி மாமி இறக்கும்போதும் அடைவில் இருந்தது. அடைவு வைத்தவர் இறந்தால் வங்கி மரணச் சான்றிதழும் உரித்தாளிகளின் கையொப்பமும் கேட்கும். மூவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். மகன் தானே பணம் அனுப்பி மீட்டுவிடுவதாகவும், அந்தப் பிள்ளை இனி ஒரு சதமும் கட்ட வேண்டாம் என்றும் சொன்னார். பிள்ளை மறுத்துவிட்டார். "மாமி எனக்குக் கடன்தான் தந்தவ அண்ணா. நான் கட்டுறன்" என்றார். மகனுக்கு முதலில் கோபம், அப்புறம் விளங்கியது.

லண்டனிலிருந்து கையொப்பம் வந்துசேர மாதம் ஒன்றுக்கு மேல் எடுத்தது. மூத்த மகள் கொழும்பிலிருந்து வந்து சங்கிலியை மீட்டார். அன்றைக்கே அதே கருமபீடத்தில் தன் பெயரில் திரும்ப வைத்து, புதுப் பற்றுச்சீட்டின் படத்தைப் பிள்ளைக்கு அனுப்பினார். படிப்பு முடிய அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது.